மான்களுக்காக விதைத்த வயல்

அமெரிக்காவின் வடபகுதியில் விஸ்கான்சின் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் அங்கே போனால் ஒரு வேடிக்கையைக் காணலாம். காட்டோரமாக ஓர் ஏக்கர் நிலம். ஒருவர் அதை உழுது, மண்ணைப் பரிசோதித்து, சுண்ணாம்பும் உரமும் இட்டு, டர்னிப் விதையையும் முள்ளங்கி விதையையும் கலந்து தூவிக்கொண்டிருப்பார். வேலி போடமாட்டார். காவலுக்கு ஆள் வைக்கமாட்டார். விளைந்த பிறகு ஒரு கிழங்கைக்கூடத் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்லமாட்டார். அத்தனையும் அந்தக் காட்டில் திரியும் வெண்வால் மான்களுக்கு!

அவர் தருமம் செய்வதாக எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் அவர் ஒரு வேட்டைக்காரர். நவம்பர் கடைசியில் அந்த மாநிலத்தில் ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டைக் காலம் வரும். அப்போது மான்கள் தம் நிலத்துக்கு வரவேண்டும் என்பதற்காகவே இத்தனை பாடும். வேட்டையைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்த வயலில் நடக்கும் ஒரு புதிரைப் பார்ப்போம்.

செப்டம்பரில் டர்னிப் செடிகள் முழங்கால் உயரம் வளர்ந்து, அகன்ற இலைகளோடு செழித்து நிற்கின்றன. மான்களும் வருகின்றன. ஆனால் பல வயல்களில் அவை இந்த இலைகளை முகர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் குளோவர் புல்வெளிக்குப் போய்விடுகின்றன. விதைத்தவர் தலையில் கைவைத்து உட்காருகிறார். டிசம்பர் வருகிறது. நிலமெங்கும் வெண்பனி. இப்போது அதே மான்கள் குளம்பால் பனியைக் கிளறி அதே இலைகளைத் தேடித் தின்கின்றன. இலை தீர்ந்ததும் மண்ணிலிருந்து தலைநீட்டும் கிழங்கையும் கறண்டுகின்றன. செடியும் மாறவில்லை, மானும் மாறவில்லை. பின்னே எது மாறியது?

நம் சமையலறைச் சொந்தக்காரர்கள்

டர்னிப்பை நம்மில் பலர் பார்த்திருக்கமாட்டோம். ஆனால் அதன் உறவினர்கள் நமக்குப் பழக்கமானவர்களே. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் எல்லாம் ஒரே குடும்பம். இந்தச் செடிகளைப் பூக்கவிட்டால் ஒவ்வொரு பூவிலும் நான்கு இதழ்கள் சிலுவைபோல் அமைந்திருப்பதைக் காணலாம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் மூன்றும் குடும்பத்தால் மட்டுமல்ல, இனத்தாலும் ஒன்றே. மனிதன் ஒன்றில் இலையை, ஒன்றில் பூங்கொத்தை, ஒன்றில் தண்டைப் பெருக்கவைத்தான், அவ்வளவுதான் வேறுபாடு.

இந்தக் குடும்பத்தில் ஓர் அழகான கணக்கு உண்டு. முட்டைக்கோஸின் பால்செல்லில் 9 குரோமோசோம்கள், டர்னிப்பில் 10. எண்ணெய்க்காகப் பயிரிடப்படும் கனோலா எனும் கடுகுவகையில் 19. கூட்டிப் பாருங்கள்! முதல் இரண்டும் கலந்து பிறந்ததே மூன்றாவது. நம் ஊர்க் கடுகில் 18. அது 10 உள்ள டர்னிப் இனமும் 8 உள்ள கருங்கடுகும் சேர்ந்து உண்டானது. இந்த உறவுமுறையை 1935ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவர் நாககாரு ஊ என்ற தாவரவியலார்.

மானுக்காக விதைக்கும் கலவையில் டர்னிப், முள்ளங்கி, கனோலா, கேல் என்ற கீரை ஆகியவை இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம்தான் நம் புதிருக்கு முதல் திறவுகோல். அந்தக் குணம், காரம்.

மெல்லும்போது பிறக்கும் காரம்

ஒரு கடுகை மெல்லாமல் விழுங்கினால் காரம் தெரியாது. கடித்து மென்றால் சற்று நேரத்தில் மூக்குவரை ஏறுகிறது. காரம் கடுகுக்குள் இருந்தது என்றால் முதலிலேயே தெரியவேண்டாமா?

உண்மையில் முழுக் கடுகுக்குள் காரம் இல்லை. காரத்துக்கான இரண்டு பொருள்கள் தனித்தனியே இருக்கின்றன. ஒன்று குளுகோசினோலேட் என்ற சேர்மம். இதில் கந்தகமும் நைட்ரஜனும் சர்க்கரைப் பகுதியும் உண்டு. மற்றொன்று மைரோசினேஸ் என்ற நொதி. செடி இவ்விரண்டையும் வெவ்வேறு அறைகளில் பூட்டிவைத்திருக்கிறது. ஒரு புழுவோ மானோ நாமோ கடித்துச் செல்களை உடைக்கும்போது அறைச்சுவர்கள் இடிகின்றன, இரண்டும் கலக்கின்றன, நொதி அந்தச் சேர்மத்தைப் பிளக்கிறது. அப்போதுதான் மூக்கைத் துளைக்கும் ஆவி பிறக்கிறது. கடுகில் அந்த ஆவிப்பொருளின் பெயர் அல்லைல் ஐசோதயோசயனேட். தன்னைத் தின்ன வருபவரின் வாயிலேயே வெடிக்கும் வெடி என்று இதைச் சொல்லலாம்.

இதை நீங்களே சோதிக்கலாம். கடுகைப் பொடித்து இரண்டு கிண்ணங்களில் ஒவ்வொரு கரண்டி போடுங்கள். ஒன்றில் குளிர்ந்த நீரையும், மற்றதில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரையும் ஊற்றிக் கலக்குங்கள். பத்து நிமிடம் கழித்து இரண்டையும் முகர்ந்து பாருங்கள். (மூக்கைக் கிண்ணத்துக்குள் நுழைக்காதீர்கள், கையால் காற்றை விசிறி முகருங்கள்.) குளிர்நீர்க் கிண்ணம் மூக்கை எரிக்கும். வெந்நீர்க் கிண்ணம் சாதுவாக இருக்கும். நொதி ஒரு புரதம். கொதிநீரில் அது கெட்டுவிட்டது. தாளிக்கும்போது எண்ணெயில் வெடித்த கடுகு காரம் காட்டாததும், ஊறுகாயில் போட்ட பச்சைக் கடுகுப்பொடி காரமாக இருப்பதும் ஏன் என்று இப்போது உங்கள் அம்மாவுக்கு நீங்கள் விளக்கலாம்.

டர்னிப் இலையின் காரம் கடுகளவு கடுமையானதல்ல. என்றாலும், காட்டில் விதவிதமான தழைகள் கிடைக்கும் செப்டம்பரில், கசப்பும் காரமும் கலந்த ஓர் இலையை மான் ஏன் விரும்பவேண்டும்? மேலும் அந்த வட்டாரத்து மான்களுக்கு அது புதிய உணவாகவும் இருக்கலாம். முதன்முறை விதைத்த இடத்தில் மான்கள் அதை உணவென்று அறிய ஓரிரு ஆண்டுகள் பிடிப்பதும் உண்டு.

உறைபனி செய்யும் வேலை

செப்டம்பர் கடைசியில் அங்கே இரவு வெப்பநிலை 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கத் தொடங்குகிறது. நம் கத்தரிச் செடியோ தக்காளிச் செடியோ ஓர் இரவு உறைபனியில் கருகிவிடும். டர்னிப் கருகுவதில்லை. குளிர் தொட்டதும் அது தன் செல்களில் சர்க்கரையைச் சேர்க்கத் தொடங்குகிறது. பகலில் வெயில் அடிப்பதால் ஒளிச்சேர்க்கை நடக்கிறது. குளிரினால் வளர்ச்சி நின்றுவிட்டது. ஆகவே தயாரித்த சர்க்கரைக்குச் செலவு இல்லை. சேமித்த மாவுப்பொருளும் சர்க்கரையாக மாறுகிறது. இலை இனிக்கிறது.

சர்க்கரையால் செடிக்கு என்ன பயன்? நீரில் எதைக் கரைத்தாலும் அதன் உறைநிலை குறையும் என்று படித்திருப்பீர்கள். 1 கிலோகிராம் நீரில் 342 கிராம் சர்க்கரையைக் கரைத்தால் உறைநிலை 1.86 டிகிரி கீழே இறங்கும். இலைச்சாற்றில் அவ்வளவு சர்க்கரை கிடையாது. அதனால் இந்த வழியில் கிடைக்கும் பாதுகாப்பு ஒரு டிகிரியும் தேறாது. முக்கியமான வேலை வேறொன்று. குளிரில் முதலில் உறைவது செல்லுக்கு வெளியே உள்ள நீர். அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுக்கிறது. செல்லுக்குள் சர்க்கரை இருந்தால் அது நீரைப் பிடித்து நிறுத்துகிறது. செல்லின் மெல்லிய சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிதையாமல் காக்கிறது. ஆக, டர்னிப் இனிப்பது மானுக்காக அல்ல. தான் உயிர் பிழைப்பதற்காக.

“உறைபனி விழுந்தால் டர்னிப் இனிக்கும், இனித்தால் மான் வரும்” என்பது அந்த ஊர் வேட்டைக்காரர்கள் எல்லோரும் சொல்லும் பேச்சு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது முழு விடையாகுமா? இதே காலத்தில் வேறு என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். ஓக் மரங்களின் கொட்டைகள் தீர்ந்துவிடுகின்றன. குளோவர் வாடிச் சுருங்குகிறது. மரங்கள் இலையுதிர்த்துவிட்டன. பனிக்கு மேலே பச்சையாக நிற்பது டர்னிப்பும் கேலும்தான். வேறு கடையே இல்லாத ஊரில் ஒரு கடையில் கூட்டம் கூடினால், அது சரக்கின் சுவையாலா, வேறு கடை இல்லாததாலா? ஒரே சமயத்தில் இரண்டு காரணங்கள் மாறும்போது ஒன்றுக்கு மட்டும் பட்டம் சூட்டுவது அறிவியல் முறை ஆகாது. இனிப்பும் பஞ்சமும் சேர்ந்தே மானை அழைக்கின்றன என்று கொள்வதுதான் சரி.

விதைக்கும் கணக்கு

இந்தப் பயிருக்கு நாள் முக்கியம். முதல் உறைபனிக்கு இரண்டு முதல் மூன்று மாதங்களுக்கு முன் விதைக்கவேண்டும். முன்னதாக விதைத்தால் இலை முற்றி நாராகும். பிந்தினால் கிழங்கு திரளாது. மண்ணின் பி.எச். 6க்கும் 7க்கும் இடையில் இருந்தால் நல்லது. புளிப்பு மண்ணானால் சுண்ணாம்பு இடுவார்கள்.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தவறுவது விதையளவில். ஓர் ஏக்கருக்கு 5 பவுண்டு, அதாவது இரண்டேகால் கிலோ, டர்னிப் விதை போதும். “ஓர் ஏக்கருக்கு இவ்வளவு கொஞ்சமா!” என்று இரண்டு பங்கு போடுகிறவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பவுண்டில் ஏறக்குறைய 2 லட்சம் விதைகள். ஐந்து பவுண்டில் 10 லட்சம். ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஒவ்வொரு சதுர அடிக்கும் சுமார் 23 விதைகள் விழுகின்றன! அதிலே பாதி முளைத்தாலே நெருக்கடிதான். இரட்டிப்பாக்கினால் கிழங்கே இல்லாத குச்சிச் செடிகள்தான் மிஞ்சும். விதை மிகச் சிறியது என்பதால் கால் அங்குலத்துக்கு மேல் புதைக்கக்கூடாது. மணலோடு கலந்து தூவி, மழைக்கு முன்னால் லேசாக அழுத்திவிட்டால் போதும்.

கடுகுக் குடும்பம் நைட்ரஜனை ஏராளமாக உறிஞ்சும். அவரைக் குடும்பத்தைப்போலக் காற்றிலிருந்து அதைப் பிடிக்கத் தெரியாது. ஆகவே அறிந்தவர்கள் முந்திய ஆண்டுகளில் அதே இடத்தில் குளோவர் வளர்க்கிறார்கள். குளோவர் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியங்கள் சேர்த்துவைத்த நைட்ரஜனை டர்னிப் பயன்படுத்திக்கொள்ளும். மாற்றிப் பயிரிட இன்னொரு காரணமும் உண்டு. ஒரே இடத்தில் ஆண்டுதோறும் இக்குடும்பத்தையே விதைத்தால், வேர்களைக் கட்டிகட்டியாக வீங்கவைக்கும் நோய் பரவும். அதன் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்.

வயலின் நடுவே ஒரு கம்பிக்கூண்டைக் காணலாம். ஒரு மீட்டர் குறுக்களவு. உள்ளே எதுவும் இல்லை, செடிகளைத் தவிர. மான் வாய் வைக்க முடியாத அந்த ஒரு துண்டு நிலம்தான் ஒப்பீட்டுக்கான சான்று. கூண்டுக்கு உள்ளே செடி முழங்கால் உயரமும் வெளியே கணுக்கால் உயரமும் இருந்தால் மான்கள் தின்கின்றன என்று பொருள். உள்ளேயும் வெளியேயும் குட்டையாகவே இருந்தால் மண்ணில் குறை. கூண்டு இல்லாவிட்டால் இந்த இரண்டையும் பிரித்தறிய வழி இல்லை. இவ்வளவு மலிவான, இவ்வளவு நேர்மையான ஒரு கருவியை நான் அதிகம் கண்டதில்லை. தின்றது முயலா மானா என்று அறிய இலையின் வெட்டைப் பார்க்கவேண்டும். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. அதனால் அது கத்தரிக்காமல் இழுத்துப் பிய்க்கும். இலையின் ஓரம் கந்தலாக இருக்கும்.

நான்கு அறை வயிறு

மான் அசைபோடும் விலங்கு. பசு, ஆட்டைப்போல அதன் வயிற்றிலும் நான்கு அறைகள். முதல் அறையான ரூமனில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. தழையைச் செரிப்பது உண்மையில் அவையே. மான் தின்னும் உணவுக்கு ஏற்ப இந்த நுண்ணுயிர்களின் கூட்டமும் மாறுகிறது. குளிர்காலத்தில் குச்சியும் மொட்டும் தின்னும்போது ஒரு கூட்டம். கோடையில் இளந்தழை தின்னும்போது வேறொரு கூட்டம். மாற்றம் நடக்க இரண்டு மூன்று வாரங்கள் வேண்டும்.

இதை அறியாத நல்ல மனம் கேடு செய்யும். கடும்பனியில் மெலிந்து நிற்கும் மானைக் கண்டு இரக்கப்பட்டு மூட்டை மூட்டையாக மக்காச்சோளம் கொட்டுகிறவர்கள் உண்டு. குச்சி தின்று பழகிய ரூமனில் திடீரென மாவுப்பொருள் நிறைந்தால், அமிலம் உண்டாக்கும் பாக்டீரியங்கள் பெருகுகின்றன. ரூமன் புளித்து, இரத்தமும் அமிலமாகி, வயிறு நிறைந்திருக்கும்போதே மான் இறந்துவிடும். டர்னிப் வயல் இந்த வகையில் மேலானது. அது ஆகஸ்டிலிருந்தே அங்கே நிற்கிறது. மான் சிறிது சிறிதாகப் பழகிக்கொள்கிறது.

ஆனால் டர்னிப் குடும்பமும் முற்றிலும் சாதுவானதல்ல. இலையில் பத்தில் ஒன்பது பங்கு நீர், நார் குறைவு. அதிலுள்ள கந்தகச் சேர்மம் ஒன்றை ரூமன் நுண்ணுயிர்கள் உடைக்கும்போது, இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் பொருள் உண்டாகிறது. கேல் கீரையை மட்டுமே தின்ற மாடுகளுக்கு இரத்தச்சோகை வருவது இதனால்தான். 1986-87 குளிர்காலத்தில் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ரோ மான்கள் என்ற சிறு மான்கள் கனோலா வயல்களை ஒட்டி மடிந்து கிடந்தன. சில பார்வை மங்கி, மனிதர் அருகே வந்தும் ஓடாமல் நின்றன. விதையில் காரப்பொருள் குறைந்த புதிய கனோலா வகைகள் அப்போதுதான் பரவிவந்த காலம். கைப்புக் குறைந்ததால் மான்கள் அளவு மீறித் தின்றன என்று பலர் கருதினார்கள். இலையைப் பொறுத்தவரை பழைய வகைக்கும் புதிய வகைக்கும் பெரிய வேறுபாடில்லை என்று மறுத்தவர்களும் உண்டு. வேறு தழை கிடைக்காமல் ஒன்றையே வயிறாரத் தின்றால் ஆபத்து என்பதில் இரு தரப்பாருக்கும் கருத்து வேறுபாடில்லை. டர்னிப் வயலைச் சுற்றிப் புதரும் இளமரங்களும் இருக்கவேண்டும் என்று சொல்வது இதனால்தான். மான் இதைக் கொஞ்சம், அதைக் கொஞ்சம் என்று கலந்து தின்னும்.

யாருக்கு நன்மை?

1900ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்கா முழுவதிலும் வெண்வால் மான்கள் ஐந்து லட்சத்தைத் தாண்டவில்லை. தோலுக்கும் இறைச்சி வணிகத்துக்குமாகக் கணக்கின்றிச் சுட்டார்கள், காடுகளையும் அழித்தார்கள். அதன்பின் சட்டங்கள் வந்தன, வேட்டைக்குக் காலமும் அளவும் குறிக்கப்பட்டன. இன்று அங்கே சுமார் மூன்று கோடி வெண்வால் மான்கள் இருக்கின்றன! மானைத் தின்னும் ஓநாய்களை மனிதன் ஏற்கெனவே ஒழித்திருந்தான். விஸ்கான்சினில் 1960 அளவில் ஓநாய்களே இல்லை. 1970களின் நடுவிலிருந்துதான் மெல்லத் திரும்பி வந்தன. மான் மிகுந்த காட்டில் இளங்கன்றுகள் தலையெடுப்பதில்லை. எனவே அங்கே கட்டுப்பாடான வேட்டை சட்டத்துக்கு உட்பட்ட ஒன்று. நம் நாட்டில் நிலைமை வேறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம்.

தீவன வயல் வைப்பவர்கள், “மானுக்குக் குளிர்காலத்தில் சோறு போடுகிறோம்” என்று சொல்வதை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை. ஓர் ஏக்கர் வயலில் நல்ல விளைச்சலாக 2,000 கிலோ உலர்நிறை கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மான் நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ தின்றால், 15 மான்களுக்கு மூன்று மாதங்கூட முழுதாக வராது. அந்தக் காட்டிலோ மான்கள் இன்னும் அதிகம். காடு கொடுப்பதுதான் அவற்றின் உண்மையான சாப்பாடு. வயல் ஓர் அழைப்பு.

அழைத்தால் கூட்டம் கூடும். கூட்டத்தில்தான் இன்றைய பெரிய கவலை இருக்கிறது. 1967ஆம் ஆண்டில் கொலராடோ மாநிலத்தில், ஆராய்ச்சிக்காக அடைத்து வளர்த்த மான்களிடையே ஒரு விந்தை நோய் கண்டது. மான் நாளுக்கு நாள் மெலிந்து, தலை தொங்கி, எச்சில் ஒழுகி இறந்தது. மூளை கடற்பஞ்சுபோல் துளை விழுந்திருந்தது. நோய்க்குக் காரணம் பாக்டீரியமோ வைரசோ அல்ல. உருமாறிய ஒரு புரதம். அதற்குப் பிரியான் என்று பெயர். உருமாறிய புரதம் தன்னைத் தொட்ட நல்ல புரதத்தையும் உருமாற்றுகிறது. எச்சில், சிறுநீர், சாணம் வழியே மண்ணில் விழுந்து ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடக்கிறது. கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. தடுப்பூசியோ மருந்தோ இல்லை. 2002ஆம் ஆண்டில் இந்நோய் விஸ்கான்சின் காட்டு மான்களிலும் கண்டுபிடிக்கப்பட்டது.

அதனால் நோய் கண்ட வட்டாரங்களில் மக்காச்சோளத்தைக் குவியலாகக் கொட்டி மானை வரவழைப்பதைப் பல மாநிலங்கள் தடைசெய்தன. விதைத்து வளர்த்த வயலுக்குப் பெரும்பாலும் தடை இல்லை. குவியலில் பத்து மான்கள் ஒரே இடத்தில் மூக்கை நுழைக்கும். ஏக்கர் பரப்பில் அவை சிதறி மேயும் என்பது வாதம். வேறுபாடு மெய்தான். ஆனால் பனியில் ஒரு கிழங்கை ஒரு மான் பாதி கறண்டிவிட்டுப் போக, மறுநாள் மீதியை இன்னொன்று கறண்டுகிறதே, அங்கே எச்சில் கலக்கவில்லையா? சிறிய வயலில் பெரிய கூட்டம் கூடினால் வயலும் குவியல்தான். பரப்பைக் கூட்டி, பல இடங்களில் பிரித்து விதைப்பவர்கள் இதைப் புரிந்துகொண்டவர்கள்.

மார்ச் மாதத்தில் பனி உருகும்போது மீந்த டர்னிப் கிழங்குகள் அழுகி, அழுகிய முட்டைக்கோஸின் நாற்றம் காட்டோரமெங்கும் வீசும். அதுவும் அந்தக் கந்தகம்தான். அந்த ஈர மண்மேல் விவசாயி குளோவர் விதையைத் தூவுகிறார். இரவில் உறைந்து பகலில் இளகும் மண் தானே விதையை உள்ளே வாங்கிக்கொள்கிறது.

நம் ஊரில் டர்னிப் வயலும் இல்லை, வெண்வால் மானும் இல்லை. ஆனால் உங்கள் தெருவில் ஆடு இருக்கும். சந்தையில் முள்ளங்கி வாங்கும்போது தழையோடு வாங்குங்கள். ஆட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு, முள்ளங்கித் தழையையும் அது வழக்கமாகத் தின்னும் தழையையும் ஒரே அளவில் பக்கம் பக்கமாக வையுங்கள். எதை முதலில் தின்றது, எதில் எவ்வளவு மிச்சம் வைத்தது என்று ஒரு வாரம் எழுதிவாருங்கள். நாள்தோறும் இடம் வலமாக மாற்றி வைக்க மறக்கவேண்டாம். முள்ளங்கித் தழை ஒரு கைப்பிடிக்கு மேல் போகக்கூடாது.